கணவனுக்குப் பின்னால் சிவப்பு

ஒரு காலத்தில் லோகேஸ்வரன் ராகினியின் கணவன். இப்போது அவன் இயக்கும் படத்துக்கு அவள் கலை இயக்குநர். தயாரிப்பாளர்தான் அவளைப் பிடித்துப் போட்டார். பினாங்கில் தமிழ்ப்பட வேலை அடிக்கடி வருவதில்லை என்பதால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். பிறகுதான் கதையைப் படித்தாள். சாந்தமான கணவன், கத்திக் கத்தியே குடும்பத்தைக் கெடுக்கும் மனைவி. லோகேஸ்வரன் எழுதியிருந்தது அவளைத்தான்.

படப்பிடிப்புக்காகக் கெலுகோரில் வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறைக்கு அவள் மஞ்சள் அடித்திருந்தாள். அவன் எல்லோர் முன்னிலும் சீறினான்.

"இது என்ன, கல்யாண வீடா? சிவப்பு அடி. இந்தப் பொண்டாட்டி கோவக்காரின்னு பார்த்ததும் தெரியணும்லா."

ராகினி மறுநாள் ஒரே ஒரு சுவரைச் சிவப்பாக்கினாள், கணவனின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரை. மனைவி நிற்கும் அடுப்பு மூலைக்குச் சாம்பல் நிறம் பூசினாள். விளக்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த லோகேஸ்வரன் அதைக் கவனிக்கவில்லை.

காட்சியை எடுத்து முடித்துத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். கணவன் தாழ்ந்த குரலில்தான் பேசினான். ஆனால் அந்தச் சிவப்புக்கு முன்னால் ஒவ்வொரு சொல்லும் மிரட்டலாக இருந்தது. சாம்பல் மூலையில் மனைவி ஒடுங்கிப்போயிருந்தாள்.

மனைவியாக நடித்த பிரமிளா மெல்லச் சொன்னாள். "அண்ணே, இதுல புருஷனைப் பார்த்தாதான் பயமா இருக்கு."

லோகேஸ்வரன் ராகினியிடம் வந்தான். "வேணும்னே செஞ்சே."

"ஆமா."

"வீட்டுல கத்தினது நீதான். மறந்துட்டியா?"

"கத்தினேன். எதுக்குக் கத்தினேன்னு நீங்க எழுதவே இல்லையே."

அங்கேயே அவளை வெளியேறச் சொன்னான். அன்று மாலையே வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுபடி எடுக்கத் தயாரிப்பாளர் மறுத்துவிட்டார். அந்தக் காட்சி அப்படியே படத்தில் நின்றது. பெயர்ப் பட்டியலிலிருந்து ராகினியின் பெயர் மட்டும் நீக்கப்பட்டது.

படம் வெளியானபோது சீட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். சிவப்புச் சுவர் வந்ததும் பக்கத்து இருக்கைப் பெண், "இந்தாளு சரியில்ல" என்று முணுமுணுத்தாள். ராகினிக்கு மகிழ்ச்சி வரவில்லை. வீட்டில் லோகேஸ்வரன் அவளிடம் பேசியதும் அதே தாழ்ந்த குரலில்தான். காட்சி முடியும்முன் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.