வெள்ளை பூத்த ஓரத்து வரிசை

ஒரே பாத்திரத்தில் உருக்கி, ஒரே கையால் கிளறி, ஒரே அச்சுத் தட்டில் ஊற்றிய சாக்லேட்டுகள். நடுவில் இருப்பவையெல்லாம் புது ஷூ மாதிரிப் பளபளக்க, ஓரத்து வரிசை மட்டும் ஏன் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு நிற்கிறது? இந்தக் கேள்வி சின்னுவின் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

சின்னு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அடுக்குமாடிக் கட்டடத்தில் மற்றவர்களுக்கு அவள் சாக்லேட்காரி. வாரநாட்களில் அவள் அடுப்படியில் கோகோ பிஸ்கட்டும் சாக்லேட் புட்டிங்கும் கேக்கும் உருவாகும். பண்டிகை விடுமுறை நெருங்கினால் இலை வடிவ சாக்லேட்டுகள்தான். ஒவ்வொரு இலைக்குள்ளும் ஒரு வறுத்த பாதாம். அதை அவளே விரலால் அழுத்தி வைப்பாள்.

சாக்லேட்டை உருக்கினால் மட்டும் போதாது. உருக்கியதைப் பளிங்குக் கல்லில் ஊற்றி, தட்டைக் கரண்டியால் இப்படியும் அப்படியும் வழித்துச் சூட்டை இறக்கி, மறுபடி லேசாக ஏற்றி, பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பதம் தப்பினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் வெள்ளை பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்குப் பூஞ்சை பிடித்த மாதிரிதான் இருக்கும்.

தெருமுனை பேக்கரி அம்மாவின் கண்ணுக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த வருட விடுமுறைக்கு முன் அலமாரியில் சின்னுவின் இலைகளை வைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். முன் அலமாரி என்றால் தெருவில் போகிறவர் எல்லாம் பார்க்கும் கண்ணாடி அலமாரி. அங்கே ஏறிவிட்டால் வீட்டில் செய்து விற்கிறவள் என்ற பெயர் போய், கடைக்குச் செய்கிறவள் என்ற பெயர் வந்துவிடும். சின்னு அதற்காகத் தவம் கிடந்தாள். ஆனால் மாதிரிக்குக் கொடுத்த பெட்டி இரண்டு முறை வெள்ளை பூத்துத் திரும்பி வந்தது. இன்னொரு முறை அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அந்த அம்மா நிதானமாகச் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

சின்னு விடுகிறவள் இல்லை. ஃபிரிட்ஜின் ஓரத்தில் குளிர் அதிகமோ என்று தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அச்சில் ஈரம் இருக்குமோ என்று பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். ஜன்னல் வெயிலைச் சந்தேகப்பட்டுத் திரைச்சீலை போட்டாள். கடைசியில், திருட்டுத்தனமாகத் தட்டில் கைவைக்கிறானோ என்று கணவனையும் சந்தேகப்பட்டாள்.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் அவன். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு, நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நிற்பான். தான் திருடினால் ஓரத்து வரிசையோடு நிறுத்திக்கொள்கிற ஆளா என்று அவன் திருப்பிக் கேட்டதில் நியாயம் இருந்தது.

வீட்டில் மிச்சம் இருந்தவர் மாமா, கணவனின் அப்பா. கட்டடம் முழுக்கப் பல்லு டாக்டர் என்றுதான் சொல்லும். மனைவி இறந்த பிறகு, கிளினிக்கை மூடிவிட்டு மகன் வீட்டோடு வந்துவிட்டவர். அவரைக் கண்டால் மாடிப்படியில் குழந்தைகள் வாயிலிருக்கும் மிட்டாயை விழுங்கிவிடும். சர்க்கரையை அவர் ஒரு ஜென்ம விரோதியைப் பேசுகிற மாதிரிப் பேசுவார். சின்னு இந்தத் தொழிலை ஆரம்பித்த அன்று, “அப்பாவுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கறா என் பொண்டாட்டி” என்று கணவன் சொன்னதற்கு, வீட்டில் சிரிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவரைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

மூன்றாவது தட்டிலும் ஓரத்து வரிசை வெளுத்த அன்று, சின்னு ஒரு வெள்ளை இலையை எடுத்துக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். பாதாம் இல்லை. இன்னொன்றை வெட்டினாள். அதிலும் இல்லை. பளபளத்த ஒன்றை வெட்டினாள். பாதாம் சமர்த்தாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு பாதாமையும் அழுத்தியது அவள் விரல். அப்படியானால் இந்த வெள்ளை இலைகள் அவள் செய்தவையே இல்லை. யாரோ அவளுடைய இலைகளை எடுத்துக்கொண்டு, காலிக் குழிகளில் வேறு சாக்லேட்டை ஊற்றி வைத்திருக்கிறார்கள். அதுவும் பின்பக்கம் ஒரு பிசிறு இல்லாமல், இழைத்த மாதிரிச் சமமாக. திருடுகிறவன் திருடிக்கொண்டு போகவேண்டியதுதானே? ஏன் உட்கார்ந்து நிரப்ப வேண்டும்? கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆர்வம்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

எதற்கும் பேக்கரி அம்மாவிடம் இன்னும் இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிடலாம் என்று கடைக்குப் போனாள்.

மதிய நேரம், கடையில் கூட்டம் இல்லை. பேக்கரி அம்மா கேக் பெட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தொடுகிற வயது, மாவு படிந்த மூக்குக்கண்ணாடி. சின்னு சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவகாசம் கொடுக்கத் தனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்றார். ஆனால் நல்ல பதம் என்றால் என்னவென்று அவள் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

“ஒருத்தர் இருக்கார்மா. சாயந்தரம் வாக்கிங் போற வழியில வருவார். அவரே வீட்டுல செய்யறாராம். ஆம்பளை செய்யறார், என்ன மினுமினுப்பு! நீயும்தான் செய்யறே.”

சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்து இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சாப்பிடாமல் பத்திரமாக வைத்திருந்தார் போலிருக்கிறது. உள்ளே ஒரு சாக்லேட் இலை. கடையில் எல்லோருக்கும் கிடைக்கிற அதே அச்சுதான்.

சின்னு குனிந்து பார்த்தாள். இலையின் காம்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. போன மாதம் அச்சைச் சுத்தம் செய்யும்போது கத்தி பட்டு ஓரத்துக் குழி ஒன்றில் விழுந்த கீறல் அது. தன் குழந்தையின் மச்சத்தை அடுத்த வீட்டுத் தொட்டிலில் பார்த்தவள் மாதிரி அவள் அதைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள்.

“அவர் எப்படி இருப்பார்ம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பேக்கரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மழையே இல்லாவிட்டாலும் கையில் குடை. பேச்சு மட்டும் எங்கே ஆரம்பித்தாலும் கடைவாய்ப் பல்லில் போய்த்தான் முடியும் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சின்னு வாயைத் திறக்க வந்தவள் மூடிக்கொண்டாள். சொன்னால் முன் அலமாரி இப்போதே கிடைத்துவிடும். ஆனால் இந்தச் சிரிப்பு போய்விடும். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சின்னு வெள்ளை இலை ஒன்றையும் பளபளக்கும் இலை ஒன்றையும் ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். தனக்கு வேண்டாம், சர்க்கரை என்பது என்று வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தார் அவர்.

“பேக்கரிக்குப் போயிட்டுத்தான் வரேன், மாமா” என்றாள்.

பிரசங்கம் பாதியில் நின்றது. பேப்பர் மடியில் இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பல் பிடுங்குகிறவரிடமிருந்தே பிடுங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ரொட்டி வாங்கப் போனவரிடம் அந்த அம்மா பல்வலி என்றாராம். வாயைத் திறக்கச் சொல்லி, டீஸ்பூனின் பின்பக்கத்தால் பல்லைத் தட்டிப் பார்த்து, மருந்து சொல்லியிருக்கிறார். வலி போய்விட்டது. வலி போனபிறகு அங்கே போக என்ன காரணம் இருக்கிறது? அதனால் ஒரு நாள் சின்னு கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் ஒரு இலையை எடுத்துக்கொண்டு போனார். நீங்களே செய்ததா என்று அந்த அம்மா கேட்டார்.

“தலை தானா ஆடிடுச்சும்மா” என்றார் மாமா.

ஆடிய தலையை நிறுத்த முடியவில்லை. அப்புறம் ஒன்று, இன்னொன்று என்று ஒரு வரிசையே போய்விட்டது.

“எடுத்தது சரி. எதுக்கு மாமா ரொப்பி வெச்சீங்க?”

“ஓட்டையைப் பார்த்தா அடைக்கத்தானே எனக்குத் தெரியும்? உன் சாக்லேட் கட்டியைத்தான் மைக்ரோவேவ்ல உருக்கி ஊத்தினேன். பாதாம் மட்டும் வைக்கல. அது பல்லுக்கு ஆகாது.”

சின்னுவுக்குச் சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்பட்டது. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னாள். உருக்கினதும் ஊற்றிவிட்டால் பதம் வராது, அதனால்தான் வெள்ளை பூக்கிறது, அந்த வெள்ளையால்தான் அவளுடைய பெட்டிகள் திரும்பி வந்தன, திருப்பி அனுப்பியது அதே பேக்கரிதான். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் ஊற்றும்போது நன்றாகத்தான் இருந்தது. வெளுத்தது சின்னுவின் கைப்பதம் போதாமல்தான் என்று அவர் இத்தனை நாள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாராம். எந்தக் கடைக்குக் கொடுக்கிறாள் என்று கேட்டதும் இல்லை.

கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து உள்ளே போனார். சாயந்தரம் வாக்கிங் போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கணவன் கிண்டல் செய்ய வாயெடுத்தபோது, சின்னு மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. இவர் என்ன செய்யப்போகிறார்? தானே போய்ச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சொல்லாமல் விட்டால் அலமாரி போய்விடும்.

மறுநாள் அவள் பெட்டியோடு செருப்பு மாட்டும்போது, பின்னால் குடை தரையில் தட்டும் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாமா நின்றார். கையில் ஒரு சின்ன டப்பா.

வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. பல்லைப் பற்றிக்கூட.

இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே நுழைந்ததைப் பார்த்து பேக்கரி அம்மா முதலில் சிரித்தார், பிறகு குழம்பினார். மாமா சின்னுவின் பெட்டியை வாங்கிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். தன் டப்பாவையும் திறந்து பக்கத்தில் வைத்தார். அதில் வெளுத்த இலைகள்.

“இவ என் மருமக. பளபளன்னு இருக்கறதெல்லாம் இவ செஞ்சது. நான் கொண்டுவந்து கொடுத்ததும் இவளோடதுதான். இந்த வெள்ளையா இருக்கறது மட்டும்தான் நான் செஞ்சது. பொய் சொல்லிட்டேன்.”

வாடிக்கையாளர் ஒருவர் பன் கேட்டு நின்றார். பேக்கரி அம்மா அவருக்குப் பன்னைக் கொடுத்து அனுப்பினார். பிறகு டப்பாவிலிருந்து ஒரு வெள்ளை இலையை எடுத்துக் கடித்தார். டக்கென்று உடையவேண்டியது மெழுகு மாதிரி வளைந்தது. நிதானமாக மென்றார். அடுத்து சின்னுவின் இலை. அது சத்தத்தோடு உடைந்தது.

சின்னு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேக்கரி அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், முன் அலமாரியின் மேல் தட்டிலிருந்த காகிதப் பூக்களையும் பழைய பிஸ்கட் டின்களையும் எடுத்துக் கீழே வைத்தார். கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தார். விடுமுறை முடியும்வரை வாரம் இரண்டு தடவை வேண்டும், பாதாம் குறையக்கூடாது, மேல் தட்டு முழுக்க உன் இலைதான் என்று சின்னுவிடம் சொன்னார். சின்னு வேகமாகத் தலையாட்டினாள்.

மாமா சத்தமில்லாமல் தன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“டாக்டர்” என்றார் பேக்கரி அம்மா, அலமாரியைத் துடைப்பதை நிறுத்தாமலே. “இனிமே வெறுங்கையோட வந்தாப் போதும்.”