அமாவாசையில் விழும் கோடு

யாமினி, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊர்ப் பெண். அப்பா வேதாச்சலம் அங்கே பவர்லூம் ஓட்டுகிறார். அவளோ திருப்பதியில், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். கைபேசியில் தட்டினால் வீட்டுக்குச் சாமான் வருகிறதே, அந்தப் பெரிய இணையக் கடைகள் தங்களிடம் சரக்குப் போடும் சின்ன வியாபாரிகளை எப்படி நடத்துகின்றன, அவற்றை எந்தச் சட்டம் போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்பதுதான். சித்தூரில் ஊறுகாய் விற்பவர், பலமனேரில் நெய் விற்பவர் என்று பலரையும் தேடிப்போய்ப் பேசினாள். சொந்த ஊரில் ஸ்வர்ணலதாவிடம் பேசினாள்.

ஸ்வர்ணலதா அடுத்த தெரு. புருஷன் தனசேகர் தறியில் நெய்கிற காட்டன் துண்டுகளை இணையத்தில் விற்பவள். அவள்தான் மனசுவிட்டுச் சொன்னாள். வேறெங்காவது விலை குறைத்து விற்றால் உன் கடையை ஜனங்கள் கண்ணிலேயே படாமல் செய்துவிடுவோம் என்று கம்பெனி ஆள் போனில் மிரட்டினானாம். "என் பேரு மட்டும் வரக் கூடாதும்மா, ஆமா" என்றாள். யாமினி வாக்குக் கொடுத்தாள். கொடுத்தபடியே கட்டுரையில் பேரை எடுத்தாள், ஊரை எடுத்தாள், 'நான்காம் விற்பனையாளர்' என்று மட்டும் எழுதினாள். எந்த நாளில் யார் எவ்வளவு பார்சல் அனுப்பினார்கள் என்று ஆளுக்கொரு கோடு போட்டுப் படமும் சேர்த்தாள். கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கொஞ்ச நாளில் ஸ்வர்ணலதாவின் கடை மூடப்பட்டது. 'விதிமீறல்' என்று ஒரே வரி. என்ன விதி, யாரைக் கேட்பது, ஒன்றும் இல்லை. போன் செய்தால் இயந்திரம் ஒன்று நன்றி சொன்னது.

யாமினி தன் வழிகாட்டிப் பேராசிரியர் முரளிதரனிடம் ஓடினாள். தெலுங்குக்காரர், யாமினிக்காகத் தமிழையும் கலந்து பேசுவார். கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். படத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இதி ஏமிடி? இந்த நாலாவது கோடு மாசாமாசம் ஒருநாள் தரையில விழுது?"

"அமாவாசை சார். தறி ஓட்ட மாட்டாங்க, சரக்கும் அனுப்ப மாட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. பாவம், அவளைக் குறைசொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அமாவாசையன்று தறிச்சத்தம் கேட்டதில்லை அவள். நமக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, அவளுக்கு அப்படி. அது ஓர் அடையாளம் என்று எப்படித் தோன்றும்?

"அவங்க கையில எல்லார் கணக்கும் உண்டு," என்றார் முரளிதரன் மெதுவாக. "அமாவாசைக்குச் சரியா நிக்கிற துண்டுக் கடை எதுன்னு தேட எவ்வளவு நேரம் ஆகும் சொல்லு?"

யாமினிக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. ஒரே பக்கமாய்ப் படுத்து மரத்துப்போன கையைத் தொட்டால் வேறு யாருடைய கையோ போல இருக்குமே, நெஞ்சு அப்படி இருந்தது. அன்றைக்கே ஸ்வர்ணலதாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவள், "அப்டியா" என்றாள். வைத்துவிட்டாள்.

முரளிதரனுக்கோ வேறு எண்ணம். "இது தங்கம் அம்மா. பேசினவங்களைக் கம்பெனி பழிவாங்குதுன்னு ஒரு அத்தியாயமே எழுதலாம். சட்டம் யோசிக்கிறவங்க உன் ஆய்வைத்தான் எடுத்து வைப்பாங்க. அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு, அந்தே, அவ்வளவுதான்."

"சரிங்க சார்," என்றாள் யாமினி. அவள் வாய்தான் சொன்னது.

வடமாலபேட்டை, புத்தூர் எல்லாம் பஸ் ஜன்னலில் வந்து போயின. நகரியில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது வாசல்களில் கோலம் இல்லை. ஓ, அமாவாசை. தெருவே அமைதியாக இருந்தது, ஒரு வீட்டைத் தவிர. ஸ்வர்ணலதா வீட்டில் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா யாமினி, சொல்லாம கொள்ளாம வந்துக்கினு கீற? உக்காரு," என்றாள் ஸ்வர்ணலதா, துண்டு மடிப்பதை நிறுத்தாமல். "எங்க ஓரகத்தி செல்வி பேர்ல புதுக் கடை போட்டுக்கினோம். நீதான் சொன்னியே, அமாவாசைக்கு நின்னா கண்டுபுடிச்சிடுவாங்கன்னு. அதான் ஓட்டிக்கினு கீறோம்."

தறியை நிறுத்திவிட்டு வந்தார் தனசேகர். "தறிக்கு மேல எங்க நைனா போட்டோ கீது பாரு. இன்னிக்கு ஒருநாளு சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டேன். பாத்தாருன்னா இறங்கி வந்து ஒதைப்பாரு."

சிரிக்க வேண்டிய இடம் என்று யாமினிக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள். புது அத்தியாயம், சட்டம், எல்லாம்.

ஸ்வர்ணலதா மடித்த துண்டைத் தடவிக்கொண்டே கேட்டாள். "பழசு இன்னும் நெட்ல கீதா?"

"கீதுக்கா."

"அதை எடுத்துடு. புதுசா ஒண்ணும் எழுதாத. செல்வி கடையும் போச்சுன்னா இந்தத் தறியை யாரு பாப்பாங்க?"

எடுத்தால் என்ன ஆகும் என்று யாமினிக்குத் தெரியும். அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் ஆய்வின் நடுத்துண்டே இல்லை. ஒப்படைக்கும் கெடுவும் நெருங்கிவிட்டது. அங்கேயே முரளிதரனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் சொல்வது ஸ்வர்ணலதாவுக்கும் கேட்கட்டும் என்று போனில் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? ஒருத்தருக்காகப் பார்த்தா எப்படி? சட்டம் வந்தா ஆயிரம் பேருக்கு நல்லதும்மா!"

ஸ்வர்ணலதா குனிந்து போனருகே பேசினாள். "சட்டம் வர்றப்போ வரட்டும் சார். வேணாம்னு நான் சொல்லல. எங்க துண்டு இன்னிக்குப் போவணும்."

பிறகு, "நீ எழுதினது, நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு முரளிதரன் போனை வைத்தார்.

யாமினி ஆய்விதழுக்கு எழுதினாள், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக. காரணம் என்ற இடத்தில், 'தகவல் தந்தவரின் பாதுகாப்பு' என்று போட்டாள். அனுப்பினாள். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

"அனுப்பிட்டேன்கா. ஆனா படிச்சவங்க எடுத்து வெச்சிருந்தா அது என் கையில இல்ல."

"தெரியும். வா, துன்னுட்டுப் போ. படையல் போட்டாச்சு, காக்காயும் துன்னுட்டுப் போயிடுச்சு."

இலை போட்டாள். வாழைக்காய், பூசணி சாம்பார், வடை. தனசேகர் ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "இன்னாடி இது, சாம்பார்ல உப்பே இல்ல?"

"படையல் சோத்தை யாரு ருசி பாக்கறது? பார்சல் கட்டிக்கினே செஞ்சேன், மறந்துட்டேன்," என்று எழுந்தவள், உப்பு டப்பாவோடு வந்து முதலில் யாமினியின் இலைக்குக் குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

யாமினி பாதிச் சோற்றை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தாள்.

ஸ்வர்ணலதா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து மீதிச் சோற்றில் தூவி, தன் விரலாலேயே பிசைந்துவிட்டாள்.