பந்துக்கிண்ண மூட்டும் பாதி டாக்டரும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சரம்மாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது ஊருக்கே தெரியும். சொன்னது அவள் கணவர். மாணவர்கள் எமனை நோக்கி வண்டியைத் திருப்பும்போதெல்லாம், பக்கத்து இருக்கையிலிருந்து இன்னொரு பிரேக்கை அவள்தான் மிதிக்க வேண்டும். மிதிக்கிற ஒவ்வொரு முறையும் தொடையிடுக்கில் கத்தி செருகியதுபோல் வலித்தது.

வைத்தியத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. செல்போனில் வீடியோ பார்த்தே கணவர் பாதி டாக்டராகியிருந்தார். மீதிப் பாதி அவருடைய அக்கா.

"கத்தி வெச்சா அவ்வளவுதான். எங்க பக்கத்து வீட்டம்மா ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கவே ரொம்ப பயப்படுறாங்க," என்பாள் நாத்தனார். அந்தம்மாவுக்கு நடந்தது கண் ஆபரேஷன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் கால் சமயத்துக்கு எழும்பாமல், கார் ஒரு மதில் சுவரோடு உறவு கொண்டாடியது. யாருக்கும் அடியில்லை. மறுநாளே அவள் எலும்பு டாக்டரிடம் போனாள். டாக்டர் தவறு செய்துவிடக் கூடாதே என்று கணவரும் கூடவே போனார்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "எலும்போட எலும்பு உரசுது. சின்னத் துளை போட்டு சுத்தம் பண்ற கட்டம் தாண்டியாச்சு. தொடையெலும்போட உச்சியில இருக்கிற பந்து மேல உலோக மூடி போடறதும் உண்டு, ஆனா உங்க எலும்பு மெலிஞ்சிருக்கு, தாங்காது. பந்து, அது உட்கார்ற கிண்ணம் ரெண்டையும் மாத்திடறதுதான் நல்லது."

கணவர் தொண்டையைச் செருமினார். "எண்ணெய் தேய்ச்சா தேஞ்சதெல்லாம் வளரும்னு ஒருத்தர் வீடியோல..."

"வளர்ந்தது அவர் சேனலா இருக்கும்," என்றாள் டீச்சரம்மா. "ஆபத்து என்ன டாக்டர்?"

"கிருமி தொத்தலாம், ரத்தம் உறையலாம், மூட்டு நழுவலாம். பெரும்பாலும் வராது. வராம பார்த்துக்குவோம்."

அவளுக்கு மதில் சுவர் ஞாபகம் வந்தது. அந்தச் சுவருக்குப் பதில் ஒரு ஆள் நின்றிருந்தால்? "மாத்திடுங்க," என்றாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் பிசியோதெரபிஸ்ட் பெண் அவளை எழுப்பி, வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தாள். தையல் சுரீரென்றது. அந்தப் பழைய வலியைத் தேடினாள், காணோம். கண் கலங்கிவிட்டது.

"நான்தான் அப்பவே சொன்னேன், ஆபரேஷன்தான் ஒரே வழின்னு," என்று பக்கத்துப் படுக்கைக்காரம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார் கணவர். அந்தம்மாவுக்குக் கையில்தான் முறிவு.

டீச்சரம்மா வாக்கரை மெதுவாகத் திருப்பிக்கொண்டு, அவர் குரல் கேட்காத பக்கமாக நடந்தாள்.