ஓரம் வெட்டாத படம்

பதினொரு வருடம் ஞானதாஸ் மாமல்லபுரத்து ஒளிப்படச் சங்கத்தின் விருதுக்குப் படம் அனுப்பினான். பதினொரு வருடமும் சென்னைக்காரர்கள் வாங்கிப் போனார்கள். உப்பளத்துப் பெண்ணை எடுத்தவருக்கு ஒரு வருடம், திருக்கழுக்குன்றத்துப் படியில் மூச்சு வாங்கிய கிழவரை எடுத்தவருக்கு ஒரு வருடம். இரண்டு பேருக்கும் இடம் காட்டி, கேமரா ஸ்டாண்டைச் சுமந்தவன் செங்கல்பட்டில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் நம் ஞானதாஸ்தான். வயிறு எரியாதா என்ன?

பன்னிரண்டாம் வருடம் கிடைத்துவிட்டது. கடப்பாக்கம் கடலில் நண்பன் வரதன் கை தூக்கும் படம். அவன் செத்த அன்று எடுத்தது. ஞானதாஸ், தான் கரையில் நின்றதாகவும், வரதன் சிரித்துக் கையாட்டியதாகவும், அடுத்த அலையில் காணாமல் போனதாகவும் வரதனின் மனைவி அமிர்தவல்லியிடம் சொல்லியிருந்தான். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் எட்டு மாதமாக அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கியது.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம்: படத்தில் இருப்பவரோ அவர் வீட்டாரோதான் விருதைக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, ஓரம் வெட்டாத மூலப் படத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பார்கள். தராவிட்டால் விருது இல்லை. ஞானதாஸ் இரண்டு நாள் யோசித்தான், ஆசை ஜெயித்தது. பார்த்துவிட்டு மூடி வைப்பார்கள் என்று நம்பிக் கொடுத்தான். அவர்களோ அதையே சுவர் அளவுக்கு அச்சடித்து மேடையில் மாட்டிவிட்டார்கள்.

அமிர்தவல்லி மேடையேறி, அதுவரை பார்க்காத அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வரதன் சிரிக்கவில்லை. வாய் நிறையத் தண்ணீர். கை கேமராவை நோக்கி நீண்டிருந்தது. ஞானதாஸ் வெட்டி எறிந்திருந்த கீழ்ப்பக்கத்தில் படகின் விளிம்பும், அவன் பாதமும், பாதத்தின் பக்கத்தில் சுருட்டி வைத்த நைலான் கயிறும் இருந்தன. அந்தக் கயிறு படத்துக்கு எவ்வளவு அழகு சேர்க்கிறது என்று நடுவர் மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

"கயிறு உன் காலாண்டதான கீது, அண்ணா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

ஞானதாஸ் படத்திலிருந்த கயிற்றைப் பார்த்தான். "வெளிச்சம் போய்கினு இருந்துச்சும்மா. ஒரு படம் எடுத்துட்டு கயித்தப் போட்லாம்னு..."

"எத்தினி எடுத்த?"

"நாப்பது."

பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நெருங்கினார்கள். அமிர்தவல்லி விருதை நீட்டினாள், அவன் கைக்கு ஒரு சாண் எட்டாமல். அவன் எட்டி எட்டிக் கை நீட்டினான். வந்தவர்கள் நாற்பது படம் எடுத்து முடிக்கிறவரை அவள் அப்படியே நின்றாள்.