கிடாத்துணி

ஆட்டுக்காரம்மாவின் கொட்டிலில் ஆறு கறவை ஆடுகள். அவற்றில் ஐந்து, பருவத்துக்கு வந்தால் தெருவையே கூட்டிவிடும். அந்தக் கத்தலில் எதிர்வீட்டு டைலர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "சீக்கிரம் கிடாகிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா, என்னால வேலை பாக்க முடியல" என்று கெஞ்சுவார். ஆறாவது ஆடு சீமாட்டி. அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். ஆனால் கறக்க உட்கார்ந்தால் பாத்திரம் வழியும். மற்ற ஐந்தும் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இப்போது அந்த மடி வற்றிக் கிடந்தது. குட்டி போட்டால்தானே பால்? போன வருஷம் சினை தங்கவில்லை. இந்த வருஷமோ பருவத்துக்கு வந்த அடையாளமே இல்லை, பருவகாலமும் முடியப்போகிறது. "தின்னுட்டுச் சும்மா நிக்கிறதுக்கு இதென்ன மாமியார் வீடா?" என்று கேட்டார் ஆட்டுக்காரம்மாவின் கணவர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றிப் பழக்கமில்லாத மனுஷர். கறிக்கடைக்காரரிடம் சொல்லியும் விட்டார்.

அன்றிலிருந்து ஆட்டுக்காரம்மாவுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. அவள் கையால் போட்டால்தான் சீமாட்டி தழையில் வாய் வைப்பாள். அப்படிப்பட்டதைக் கத்திக்குக் கொடுப்பதா? வெளியே மட்டும், "ஆடுன்னா ஆடுதான்" என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டாள்.

வாய் திறக்காத ஆட்டுக்கும் ஒரு வழி உண்டு. கிடாவின் வீச்சம் பாலில் ஏறிவிடும் என்பதால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அது இருப்பது அடுத்த தெருத் தச்சர் வீட்டில். அதன் கொம்புக்குப் பின்னால் ஒரு துணியை அழுத்தித் தேய்த்து, டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டால் அந்த நாற்றம் மாதக்கணக்கில் நிற்கும். தினமும் காலையில் ஆட்டுக்காரம்மா துணியை எடுத்துச் சீமாட்டியின் மூக்கருகே நீட்டுவாள். பருவம் வந்த ஆடு என்றால் அதை விடாமல் மோந்துகொண்டு வாலை ஆட்டும். சீமாட்டியோ தினமும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கறிக்கடைக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திய காலையிலும் மனசு கேட்காமல் டப்பாவைத் திறந்தாள். சீமாட்டி துணியைப் பார்த்துத் தும்மினாள்.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்து கொஞ்ச மாதம்தான். அலமாரி, ஜன்னல் கம்பி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கும் பெண்.

"நல்லா வெளுத்திருக்குல்ல அத்தை?"

"எது?"

"உங்க கையில இருக்கற துணிதான். வந்த புதுசுல டப்பாவைத் திறந்தேனா, குடலைப் புரட்டிடுச்சு. எலி கிலி செத்துக் கிடந்துச்சோன்னு சோப்புல ஊறவெச்சு, அடிச்சுத் துவைச்சு, டப்பாவையும் கழுவி வெச்சேன்."

"துவைச்சியா?"

மருமகளின் முகம் வெளிறியது. "துவைக்கக் கூடாதா?"

ஆட்டுக்காரம்மா துணியை மூக்கில் வைத்து இழுத்தாள். கிடா வாடையும் இல்லை, சோப்பு வாசனையும் இல்லை. போன வருஷக் காய்ச்சலோடு அவளுக்கு மோப்பமே போய்விட்டது. பாலை மோந்தே நல்லது கெட்டது சொல்கிறவள் என்று நாலு பேர் சொல்லும் பெயர் போய்விடுமே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. மோந்து பார்ப்பதுபோல் குனிந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு சொட்டை நாக்கில் வைத்துச் சமாளித்து வந்தாள்.

இப்போது நாலு வார்த்தை திட்டினால் பழி மருமகள் தலையோடு போகும். வாய் துடிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். அந்தப் பெண் ஈரக் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"ஏங்க! ஆட்டை அனுப்பாதீங்க" என்று உரக்கச் சொன்னாள். "இவ்வளவு நாளா சோப்புத் துணியைக் காட்டிட்டு இருந்திருக்கேன். சீமாட்டி மேல தப்பில்ல. எனக்கு மூக்கு வேலை செய்யாம ஒரு வருஷமாச்சு."

கண்டக்டர் ஆட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஒரு வருஷமாவா? அப்போ நான் மொட்டை மாடியில ஒளிஞ்சு ஒளிஞ்சு சிகரெட் பிடிச்சதெல்லாம் வீணா?"

கறிக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. "மொதல்ல உங்க பஞ்சாயத்தை முடிங்கக்கா" என்று வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தச்சர் வீட்டுக்கு ஓடினாள். துப்பட்டாவால் மூக்கை இறுக்கிக் கட்டி, குமட்டக் குமட்டத் தானே கிடாவின் தலையைத் தேய்த்து வந்தாள். அன்று முதல் துணி நீட்டுவது அவள் வேலையாயிற்று. பாலை மோந்து பார்ப்பதும்தான். கெட்ட பாலைக் கண்டுபிடித்துவிட்டால் வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். ஆட்டுக்காரம்மாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை.

பருவகாலம் முடியும் தறுவாயில் ஒரு காலை சீமாட்டி துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வால் படபடத்தது. "அத்தை! வாங்க, வாங்க!" என்று மருமகள் போட்ட கூச்சலுக்கு அந்த ஐந்து ஆடுகள் தேவலாம். கண்டக்டரே கயிற்றைப் பிடித்துச் சீமாட்டியைக் கிடாவிடம் கூட்டிப்போனார்.

ஐந்து மாதம் கழித்துச் சீமாட்டி இரண்டு குட்டிகள் ஈன்றாள், இரண்டும் பெட்டை. தாய் ஒன்றை நக்கிக்கொண்டிருக்க, மற்றதை ஆட்டுக்காரம்மா துடைத்து எடுத்தாள். எத்தனை ஈற்று பார்த்தவள்! எந்தக் குட்டியையும் தலையை மோந்து பார்க்காமல் தாயிடம் விட்டதில்லை. இப்போதும் குனிந்தாள். ஒன்றும் வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

"நீ மோந்து எப்படி இருக்குன்னு சொல்லு" என்று குட்டியை மருமகளிடம் நீட்டினாள்.

மருமகள் ஈரத் தலையில் மூக்கை வைத்தாள். "ஐயோ, நாறுது அத்தை" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு தடவை மோந்தாள்.