வாவு முகம்மது வைத்த சேனை

பால்மாவு டின்னை வாவு முகம்மது காலாலேயே வெளியே தள்ளினார். அது உருண்டுபோய் அக்காள்மடத்துப் பள்ளிக்கூட மணலில் கிடந்தது. புயலுக்குத் தப்பியவர்களெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தார்கள். டின்மேல் கோடு போட்ட அமெரிக்கக் கொடியும், குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகளும் அச்சாகியிருந்தன.

மருமகள் நூர் நிஷாவுக்கு அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. புருஷன் ரயில் பாதை சீர்படுத்தும் வேலைக்குப் போயிருந்தான். ஆடு மாடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. பயத்தில் அவளுக்குப் பாலும் வற்றிப்போய், முகாமில் பிறந்த மகன் அழவும் தெம்பில்லாமல் மடியில் கிடந்தான்.

"இந்தக் கொடிக்காரன் மணிலாச் சீமைய ஸ்பெயின்காரன்ட்ட வெலைக்கு வாங்குனான். ஊர்க்காரன்ட்ட ஒரு வார்த்தை கேக்கல. எதுத்தவன் பட்டினியில சாகட்டும்னு அரிசிக் கிட்டங்கியெல்லாம் கொளுத்துனான். அங்க யாவாரத்துக்குப் போன எங்க அத்தாவும் அதுக்குள்ளதான் எரிஞ்சாரு. அவன் குடுக்கிறத எம் பேரன் குடிக்கணுமாக்கும்?" என்றார் கிழவர்.

பத்து வயதுப் பையனாக, அத்தா இல்லாமல் தனியே கப்பலேறித் திரும்பியவர் அவர். எத்தனையோ தடவை அந்தக் கதையைக் கேட்டு நூர் நிஷா அழுதிருக்கிறாள். இன்றைக்கு அழுகை வரவில்லை. மகனின் உதடு காய்ந்திருந்தது.

அவர் அசர் தொழப் போனதும், பக்கத்துப் பாயிலிருந்த சோணையம்மாள் டின்னை எடுத்து வந்தாள். மாவை வெந்நீரில் கரைத்துச் சங்கில் புகட்டினாள். குழந்தை துப்பியது. மறுபடி புகட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சேனை வச்சது யாரு தாயி?"

"மாமாதான். சீனித்தண்ணி."

"பெறகென்ன. அவுக வீம்பு அப்படியே வந்திருக்கு."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் இனிப்பு தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பதில் அந்தக் கரையில் இந்து, முஸ்லிம் வித்தியாசமே கிடையாது. நூர் நிஷா நிமிர்ந்தால் வாசலில் மாமனார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"மாமா," என்றாள். "அந்தக் கொடிக்காரன் செஞ்சத நீங்க மன்னிக்க வேணாம். ஆனா நீங்க வச்ச சேனை. நீங்களேதான் மாத்தி வைக்கணும்."

கிழவர் குனிந்து பேரனின் காய்ந்த உதட்டைப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுண்டுவிரலைப் பாலில் நனைத்து முதலில் தன் நாக்கில் வைத்தார். முகம் கோணியது, கண் கலங்கியது. விழுங்கிவிட்டார். மறுபடி நனைத்து, "பிஸ்மில்லாஹ்" என்று பேரன் வாயில் வைத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் உதடு அசைந்தது. பல்லில்லாத ஈறு விரலைக் கவ்விக்கொண்டது. சோணையம்மாள் விரலோரமாகச் சங்கைச் சாய்த்தாள். பால் உள்ளே இறங்கியது.

வாவு முகம்மது விரலை எடுக்கவில்லை. இடது கையை நீட்டி, கொடி சுவர்ப்பக்கம் போகும்படி டின்னைத் திருப்பி வைத்தார்.