நன்றியுரை இல்லாத ஆய்வேடு

எனக்கு ஆராய்ச்சி என்றால் உயிர். அதற்கு என்மேல் அப்படியொன்றும் பாசமில்லை என்பது ஒன்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நான் லூர்துநாதன், திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். இந்த முறை முனைவர் பட்டம் வாங்காவிட்டால் என் பதிவே ரத்து.

என் கட்சி எளிமையானது. நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி கொஞ்சம்தான். மீதியில் பெரும்பாலானது சும்மா கிடக்கிறது. அதை இயற்கைத் தேர்வு காலப்போக்கில் கழித்துக்கட்டிவிடும் என்று முந்நூறு பக்கம் எழுதியிருந்தேன். அத்தனையும் டைப் அடித்தவள் என் மனைவி ரோஸ்லின். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து அடிப்பாள். என் கொள்கைக்கு நானே உதாரணமாக வேண்டுமென்ற திமிரில், தகவல் இல்லாத பக்கங்களைக் கடைசியில் நீக்கினேன். முதலில் போனது நன்றியுரை.

வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு டிபன் கொடுப்பது மாணவன் தலையில் விழும் வேலை. அன்று காலை விழுப்புரம் வீட்டில் ரோஸ்லின் பக்கோடாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனிதனைவிட வெங்காயத்துக்கு ஐந்து மடங்கு டி.என்.ஏ. என்று என் அறிவைக் காட்டினேன்.

"அப்போ இன்னாத்துக்கு இன்னும் கழியல?"

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டிப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"தொந்தரவு பண்ணாம ஒரு மூலையில கெடந்துக்கினு இருந்தா யாருங்க தூக்கிப் போடுவாங்க? நம்ம பரண் மேல பாருங்க."

உனக்கு இதெல்லாம் புரியாது என்று சிரித்தேன்.

தேர்வறையில் தேர்வாளர் பேராசிரியர் அருணா, பக்கோடாவைப் பிட்டபடி அதே கேள்வியைக் கேட்டார். ஒன்பது வருஷப் படிப்பு என்னைக் கைவிட்டது. வேறு வழியில்லாமல் பரணைச் சொன்னேன். பாக்டீரியா போலக் கோடிக்கணக்கில் பெருகும் உயிர்களில் சின்னச் சுமைகூடக் கழிந்துவிடும், கூட்டம் சிறிதானால் அது இயற்கைத் தேர்வின் கண்ணில் படாது என்று படிப்பையும் கொஞ்சம் ஒட்டவைத்தேன்.

"இது உங்க முந்நூறு பக்கத்துக்கும் எதிரா இருக்கே."

"ஆமாங்க மேடம்."

"ஆனா சரியான பதில். கடைசி அத்தியாயத்தைத் திருத்திக் கொடுங்க, பட்டத்துக்கு எழுதிடறேன். யார் சொன்னது இது?"

"என் மனைவி மேடம்."

"நன்றியுரையில அவங்க பேர் இருக்கா?" என்று புரட்டியவர் நிமிர்ந்தார். "நன்றியுரையே காணோமே."

பக்கோடா கொண்டுவந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் எழுந்தாள்.

"முன்ன இருந்திச்சுங்க மேடம். ரொம்ப தொந்தரவு பண்ணிச்சு போல, தூக்கிட்டாரு."

அறையே சிரித்தது. நான் பக்கோடாத் தட்டைப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினேன்.

அந்தப் பக்கத்தை இப்போது நானே அடிக்கிறேன், ஒற்றை விரலால், மூன்றாவது நாளாக. இன்னும் அவள் பெயரைத் தாண்டவில்லை.